விளையாட்டு யந்திரப் போரும் விளையாடுவோர் உரிமையும்

வாலிபர்கள் நால்வர் கூடுமிடத்தில் இந்நாளில் ஒரு புதுவகைச் சாதிச் சண்டையைக் காணலாம். ஒருவர் தம்மைப் பிளேஸ்டேஷன் கட்சி என்பார். மற்றொருவர் எக்ஸ்பாக்ஸ் கட்சி என்பார். மூன்றாமவரோ நிண்டெண்டோவுக்கு மிஞ்சியது உலகிலேயே இல்லை என்பார். தாம் தாம் வாங்கிய வீடியோ விளையாட்டு யந்திரத்தின் பெருமையை நிலைநாட்ட இவர்கள் இடும் கூச்சல், பழைய சைவ வைணவச் சண்டையையும் தோற்கடித்துவிடும். பிறப்பினால் வரும் சாதிக்குப் பிறந்தவன் பொறுப்பாளியல்லன் என்றாவது சொல்லலாம். இச்சாதியிலோ ஒவ்வொருவரும் தம் கைப்பணத்தைக் கொட்டிக் கொடுத்தன்றோ சேர்ந்திருக்கின்றனர்!

விளையாட்டைக் குறைகூற நாம் வந்தோமல்லோம். பகல் முழுதும் உழைத்தவன் இரவில் சற்று நேரம் விளையாடி மனமகிழ்வது குற்றமாகாது. இதனை எழுதுபவனும் விளையாடுபவனே. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இக்கம்பெனிப் போரில் விளையாடுவோர் பெற்ற நன்மை யாது, அதனை எவ்வாறு பெற்றனர், இப்பொழுது அது எவ்வாறு கைநழுவிப் போகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் கண்ணிற் படுகின்றது. கம்பெனிகளின் போட்டியால் நன்மையடைந்தவர்கள், ‘உன் சரக்கு வேண்டாம்’ என்று விட்டுப் போகக்கூடியவர்களே. போக மனமில்லாதவரும், போக வழியில்லாதவரும் அடைந்தது பெரும்பாலும் ஏமாற்றமே.

பெயர் மறைக்கப்பட்டோர்

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் முதல் யந்திரம், 1972இல் அமெரிக்காவில் மாக்னவாக்ஸ் கம்பெனியார் விற்ற ‘ஒடிஸி’ என்பதாகும். அதனைக் கண்டவர் ரால்ப் பேர் என்பவர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா சேர்ந்தவர். அதே 1972இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்னும் இருவர் கலிபோர்னியாவில் அட்டாரி கம்பெனியைத் தொடங்கிப் ‘பாங்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். மட்டையால் பந்தைத் தட்டும் அவ்வாட்டம் ஒடிஸியின் ஆட்டத்தை ஒத்திருக்கவே, மாக்னவாக்ஸ் வழக்குத் தொடுத்தது. 1976இல் அட்டாரி உரிமப்பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. தொழில் பிறந்தபோதே வழக்கும் உடன்பிறந்தது.

ஓர் யந்திரத்தில் பல ஆட்டங்களை மாற்றி மாற்றிச் செருகி ஆடும் கார்ட்ரிட்ஜ் முறை 1976இல் பேர்சைல்டு கம்பெனியின் ‘சானல் எப்’ யந்திரத்தில் வந்தது. அதனை ஆக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஜெர்ரி லாசன் என்னும் கறுப்பின அமெரிக்கர். நிறத்தைக் கொண்டு மனிதனை அளந்த ஒரு நாட்டில், பின்வந்த எல்லாரும் பின்பற்றிய முறைக்கு வழிகோலிய அவர் பெயர் நெடுங்காலம் பலருக்குத் தெரியாதிருந்தது. புகழைத் தட்டிச் சென்றது 1977இல் அட்டாரி வெளியிட்ட யந்திரமே.

அட்டாரி கம்பெனியிலோ ஆட்டங்களை எழுதியவர்களின் பெயர் பெட்டியின் மீதும் இல்லை, உள்ளேயும் இல்லை. ஓர் ஆட்டத்தை ஒரே மனிதன் பல மாதம் கண்விழித்து எழுதிய காலம் அது. விற்றது கோடிக்கணக்கான டாலர். எழுதியவனுக்குக் கிடைத்தது மாதச் சம்பளம். வாரன் ராபினெட் என்பவர் தாம் எழுதிய ‘அட்வென்சர்’ என்னும் ஆட்டத்தினுள் எவரும் எளிதிற் காணாத ஓர் இரகசிய அறையை அமைத்து, அதிலே தம் பெயரைப் பொறித்து வைத்தார். அவர் வேலையை விட்டுப் போன பிறகே, விளையாடிய ஒரு சிறுவன் எழுதிய கடிதத்தால் கம்பெனியார் அதை அறிந்தனர். தன் உழைப்பில் தன் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதிவைக்க வேண்டிய நிலையைக் காட்டிலும் ஓர் உழைப்பாளிக்கு இழிவு வேறு வேண்டுமோ?

டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி காப்லன் என்னும் நால்வர் வேறு வழி கண்டனர். தம் ஆட்டங்களே கம்பெனியின் வருவாயிற் பெரும்பங்கு ஈட்டுவதை உணர்ந்து, பெயரும் நியாயமான பங்கும் கேட்டனர். கிடைக்கவில்லை. வெளியேறினர். 1979இல் ‘ஆக்டிவிஷன்’ என்னும் கம்பெனியைத் தொடங்கி, அட்டாரி யந்திரத்துக்குரிய ஆட்டங்களைத் தாமே எழுதி, எழுதியவர் பெயரோடு விற்றனர். அட்டாரி வழக்காடியும் அவர்களை ஒழிக்க முடியவில்லை. 1982இல் பணம் பெற்றுக்கொண்டு சமாதானமாயிற்று. யந்திரம் ஒருவருடையது, ஆட்டம் மற்றொருவருடையது என்னும் முறை இவ்வாறு பிறந்தது. இதனைத் தந்தது கம்பெனியின் கருணையன்று, நால்வரின் வெளியேற்றமே.

மண்ணிற் புதைந்த வியாபாரம்

வழி திறந்ததும் நல்லவரும் வந்தனர். அவசர லாபக்காரரும் வந்தனர். ஆட்டமென்ற பெயரில் எதையும் விற்கலாம் என்ற எண்ணம் பரவியது. 1982இல் ‘ஈ.டி.’ என்னும் திரைப்படத்தை ஒட்டிய ஆட்டத்தைக் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குள் கொண்டுவர வேண்டி, அதனை எழுதிய ஹோவர்டு ஸ்காட் வார்ஷாவுக்கு அட்டாரி கொடுத்த காலம் சுமார் ஐந்து வாரமே. படத்தின் பெயரைக் கண்டு வாங்கியவர்கள் ஏமாந்தனர். விற்காத சரக்கை 1983இல் நியூமெக்சிகோ மாநிலத்து அலமொகோர்டோ ஊரின் குப்பைக்குழியிற் கொட்டி மூடினர். கட்டுக்கதையோ என்று பலர் ஐயுற்ற இச்செய்தி, 2014இல் அக்குழியைத் தோண்டியபோது மெய்யாயிற்று.

1983இல் சுமார் 320 கோடி டாலர் பெற்ற அமெரிக்க வியாபாரம் 1985இல் சுமார் 10 கோடியாகச் சுருங்கியதாகக் கணக்கிடுவர். குப்பையை விற்றவன் சந்தையையே குப்பையாக்கினான். விளையாடுவோர் அன்று கொடி பிடிக்கவில்லை, கோஷமிடவில்லை. வாங்குவதை நிறுத்தினர், அவ்வளவே. ஒரு பெருங்கம்பெனியின் ஆணவம் அதற்குமேல் நிற்கவில்லை.

பூட்டுச் சில்லு

அமெரிக்கச் சந்தை விழுந்த அதே 1983இல் ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி தன் ‘பாமிகாம்’ யந்திரத்தை வெளியிட்டது. 1889இல் கியோட்டோ நகரிற் சீட்டுக்கட்டு வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி அது. 1985இல் அவ்யந்திரம் உருமாறி அமெரிக்கா சென்றபோது உள்ளே ஒரு புதுமை இருந்தது. அதுவே பூட்டுச் சில்லு. கார்ட்ரிட்ஜில் இருக்கும் சில்லும் யந்திரத்தில் இருக்கும் சில்லும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டாலன்றி ஆட்டம் ஓடாது. சாவி நிண்டெண்டோவின் கையில் இருந்தது.

குப்பை ஆட்டங்களைத் தடுப்பதற்கே பூட்டு என்றனர். அதிற் சிறிது உண்மையும் உண்டு. அக்காலத்து நிண்டெண்டோ ஆட்டங்களின் தரத்தை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பூட்டைக் கொண்டு செய்தது அவ்வளவோடு நிற்கவில்லை. வெளிக்கம்பெனி ஒன்று ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக்கூடாது. வெளியிட்ட ஆட்டத்தை இரண்டாண்டு வரை வேறு யந்திரத்துக்குக் கொடுக்கக்கூடாது. கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோவிடமே முன்பணம் கட்டிச் செய்து வாங்கவேண்டும். விற்காது போனால் நஷ்டம் வாங்கியவனுக்கே. இவை அந்நாளைய நிபந்தனைகள்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இது புதுக்கதையன்று. வேறு கடை இல்லாத இடத்தில் ஒரே கடையிற் பற்று வைத்து, அரிசியின் விலையை அக்கடைக்காரன் சொல்ல, சம்பள நாளில் கணக்கையும் அவனே எழுதிய காலத்தை அவர்கள் அறிவார்கள். கடையில் அரிசி நல்ல அரிசியாகவே இருக்கலாம். வேறு கடைக்குப் போக முடியாது என்பதன்றோ அங்கே குறை?

1991இல் அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷனும் மாநில அதிகாரிகளும் ஒரு குற்றச்சாட்டை எடுத்தனர். யந்திரத்தின் விலையைக் குறைத்து விற்கக்கூடாதென்று நிண்டெண்டோ கடைக்காரர்களை நெருக்கியது என்பதே அது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமாதானம் செய்து, வாங்கியோருக்கு ஐந்து டாலர் தள்ளுபடிச் சீட்டு வழங்கியது. அச்சீட்டைக் கொண்டு வாங்கக்கூடியது எது என்றால், மீண்டும் நிண்டெண்டோ சரக்கே!

மீசைக்காரனும் முள்ளெலியும்

அரசின் சீட்டினால் வராத நன்மை, எதிரிக் கம்பெனி ஒன்றினால் வந்தது. ஜப்பானிய சேகா கம்பெனி 1988இல் தன் நாட்டிலும், 1989இல் அமெரிக்காவிலும் புதுயந்திரம் விற்கத் தொடங்கியது. அதன் அமெரிக்கக் கிளைக்கு 1990இல் தலைவரான டாம் கலின்ஸ்கி, யந்திரத்தின் விலையைக் குறைக்கவும், சிறந்த ஆட்டத்தை அதனோடு இலவசமாகக் கொடுக்கவும் துணிந்தார். 1991இல் வந்த ‘சோனிக்’ என்னும் நீலநிற முள்ளெலி, நிண்டெண்டோவின் மீசைக்காரக் குழாய்த் தொழிலாளி மாரியோவுக்கு எதிராக நிறுத்தப்பட்டது. நிண்டெண்டோவின் புதுயந்திரம் சுமார் 200 டாலர். சேகா யந்திரமோ முள்ளெலியோடு சேர்த்துச் சுமார் 150 டாலர்.

போட்டியின் மெய்யான பயன் அங்கே தெரிந்தது. விலை இறங்கியது. வெளிக்கம்பெனிகளைக் கட்டிவைத்த இரண்டாண்டு விலங்கும் 1990களின் தொடக்கத்தில் தளர்ந்தது. ஆட்டக்காரன் போக வேறிடம் உண்டு, எழுதுவோன் விற்க வேறிடம் உண்டு என்றதும், நேற்று வரை ஆணையிட்டவன் இன்று பேரம்பேச வந்தான்.

ஆனால் சேகாவை விடுதலை வீரனாக எண்ணிப் பூமாலை சூட்டுவதற்கில்லை. அதுவும் தன் யந்திரத்துக்குப் பூட்டு போட்டது. அக்கோலேடு என்னும் கம்பெனி அனுமதி பெறாமல் யந்திரத்தின் இயல்பை ஆராய்ந்து தன் ஆட்டங்களை அதற்கேற்ப எழுதியபோது, சேகா வழக்குத் தொடுத்தது. ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் பொருள் செய்வதற்காக ஆராய்வது நியாயமான உபயோகமே என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிண்டெண்டோவின் பூட்டைக் கண்டித்தவர்கள் சேகாவின் பூட்டுக்குக் காவல் நின்றிருந்தால் அது என்ன நியாயம்?

இரு கம்பெனிகளின் மனப்பான்மைக்கும் மற்றொரு சான்று உண்டு. ‘மார்ட்டல் கொம்பாட்’ என்னும் சண்டையாட்டம் 1993இல் இரு யந்திரங்களுக்கும் வந்தது. நிண்டெண்டோ இரத்தக் காட்சியை நீக்கியது. சேகா யந்திரத்தில் ஒரு குறியீட்டை அழுத்தினால் அது தோன்றும். அவ்வாண்டு அமெரிக்கச் செனட் சபை விசாரணை நடத்தியபோது, இரு கம்பெனிப் பிரதிநிதிகளும் ஒருவர்மீது ஒருவர் பழிசுமத்தினர். குழந்தைகளின் நலம் பேசவேண்டிய சபையிலும் வியாபாரச் சண்டையே நடந்தது. 1994இல் ஆட்டங்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் குழுவைத் தொழிலதிபர்களே ஏற்படுத்தினர். சட்டம் வந்துவிடுமோ என்னும் அச்சத்திற் பிறந்த ஒழுக்கம் அது.

அவமதிக்கப்பட்ட கூட்டாளி

நிண்டெண்டோவின் யந்திரத்துக்குக் குறுந்தட்டு ஓட்டும் பாகம் செய்ய சோனி கம்பெனி உடன்பட்டிருந்தது. சோனியின் எஞ்சினியர் கென் குத்தராகி அதில் முன்னின்றார். 1991 ஜூனில் சிக்காகோ கண்காட்சியில் சோனி அச்செய்தியை வெளியிட்டது. மறுநாளே நிண்டெண்டோ, தான் பிலிப்ஸ் கம்பெனியோடு சேரப்போவதாக அறிவித்தது. குறுந்தட்டு ஆட்டங்களின் ஆதிக்கம் ஒப்பந்தத்தின்படி சோனியிடம் போய்விடுமோ என்னும் அச்சமே காரணம். உலகத்தார் முன் கைவிடப்பட்ட சோனி தனியே நடக்கத் துணிந்து, 1994 டிசம்பரில் ஜப்பானில் ‘பிளேஸ்டேஷன்’ யந்திரத்தை விற்றது.

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் சேகா தன் ‘சாட்டர்ன்’ யந்திரத்தின் விலை 399 டாலர் என்றும், அன்றே கடைகளுக்கு வந்துவிட்டது என்றும் அறிவித்தது. சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் வெகுண்டனர். பின்னர் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அவ்வொரு எண் பல பிரசங்கங்களைவிட அதிகம் பேசிற்று.

இதனினும் முக்கியமானது எழுதுவோர் செய்த தீர்மானம். நிண்டெண்டோ 1996இல் வெளியிட்ட யந்திரத்திலும் கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டது. கார்ட்ரிட்ஜ் செய்யச் செலவு மிகுதி. கொள்ளும் அளவு குறைவு. குறுந்தட்டோ மலிவு, கொள்ளும் அளவு பன்மடங்கு. 1987 முதல் ‘பைனல் பாண்டஸி’ வரிசையை நிண்டெண்டோ யந்திரங்களுக்கே எழுதிவந்த ஸ்குவேர் கம்பெனி, அதன் ஏழாம் பாகத்தை 1997இல் மூன்று குறுந்தட்டுகளாகப் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டது. நிண்டெண்டோவின் நெடுநாள் துணையே கடை மாறிற்று. பிளேஸ்டேஷன் பத்துக் கோடி விற்ற முதல் வீட்டு யந்திரமாயிற்று.

சேகா தளர்ந்தது. 1998இல் வெளியிட்ட ‘டிரீம்காஸ்ட்’ நல்ல யந்திரமே. ஆயினும் முன்செய்த பிழைகளின் கடனை அது தீர்க்க இயலவில்லை. 2001 ஜனவரியில் யந்திரம் செய்வதையே விட்டுவிடுவதாகச் சேகா அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே முள்ளெலி சோனிக் நிண்டெண்டோவின் யந்திரத்தில் ஓடிற்று. 2007இல் மாரியோவும் சோனிக்கும் ஒரே ஆட்டத்தில், ஒலிம்பிக் மைதானத்திற் சேர்ந்து ஓடினர்!

தோழர்களே, பத்தாண்டுகளாகப் பள்ளிக்கூடங்களில் ‘மாரியோவா, சோனிக்கா’ என்று நண்பனோடு முகங்கொடாது திரிந்த சிறுவர்களின் கதி யாது? இரு தெய்வங்களும் லாபம் கண்டவிடத்து ஒரே கோயிலிற் குடியேறின. பக்தர்களின் பகைதான் மிச்சம்.

வென்றவனின் செருக்கு

2000த்தில் வந்த பிளேஸ்டேஷன் 2, பதினாறு கோடிக்கு மேல் விற்று இத்தொழிலில் பெருவெற்றி கண்டது. வெற்றி செருக்கைத் தந்தது. அடுத்த யந்திரத்தின் உயர்ந்த வகைக்கு 2006இல் சோனி கேட்ட விலை 599 டாலர். வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்ற வசதியை 2010இல் ஒரு திருத்தத்தால் எடுத்துவிட்டது. விற்ற பொருளின் ஓர் உறுப்பை விற்றவனே பின்னர் வீட்டுக்குள் புகுந்து கழற்றிச் செல்வதை நாம் எந்த அங்காடியிற் பொறுப்போம்?

எதிர்க்கட்சியும் உத்தமனல்ல. 2001இல் களம்புகுந்த மைக்ரோசாப்ட், 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 யந்திரத்தை முந்திக்கொண்டு விற்றது. செந்நிற விளக்கெரிந்து யந்திரங்கள் செயலற்றுப் போயின. புகார்கள் குவிந்த பிறகு, 2007இல் மூன்றாண்டு உத்தரவாதம் அளித்து, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கவேண்டி வந்தது.

2013இல் நடந்ததோ பாடமாகவே வைக்கத்தக்கது. மே மாதம் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் யந்திரத்தை அறிவித்தது. யந்திரம் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும்; ஒருவன் வாங்கிய ஆட்டத்தட்டை மற்றொருவனுக்கு விற்பதற்கும் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு என்று தெரியவந்தது. ஜூன் மாதக் கண்காட்சியில் சோனி, தனக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை என்றும், விலை நூறு டாலர் குறைவு என்றும் அறிவித்தபோது மண்டபம் அதிர்ந்தது. முன்பதிவு செய்யவிருந்தோர் மனம் மாறினர். ஜூன் 19ஆம் நாள் மைக்ரோசாப்ட் தன் திட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இவ்வெற்றி யாருடையது? ‘எக்ஸ்பாக்ஸ் எது செய்தாலும் நன்மைக்கே’ என்று வாதாடிய பக்தருடையதன்று. விட்டுப் போகத் துணிந்தவருடையது. அவர்கள் துணிவின் பயனைப் பக்தரும் அனுபவித்தனர்.

அக்கைதட்டலில் மறைந்துபோன செய்தியும் ஒன்று உண்டு. அதே நாளில் சோனி, தன் முந்தைய யந்திரத்தில் இலவசமாயிருந்த இணையவழிப் பலராட்டத்துக்குப் புதுயந்திரத்தில் சந்தா கட்டவேண்டும் என்றும் தெரிவித்தது. எதிரி ஏற்கனவே சந்தா வாங்கிவந்தமையால் போவதற்கு வேறிடம் அருகியிருந்தது. பகைவர் இருவரும் ஒத்துப்போன விஷயத்தில் விளையாடுவோர்க்குப் போட்டியால் வந்த பயன் ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்க.

இன்றைய விலங்கு

பழைய பூட்டு சில்லில் இருந்தது. இன்றைய பூட்டு கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது. 2020இல் சோனியும் மைக்ரோசாப்டும் தட்டு செருகும் வாயே இல்லாத யந்திரங்களையும் வெளியிட்டன. அவற்றில் ஆட்டம் வாங்கக் கம்பெனியின் சொந்தக் கடை ஒன்றே. பத்தாண்டு சேர்த்த ஆட்டங்களை வேறு கம்பெனி யந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாது, நண்பனுக்கு இரவல் தர முடியாது, விற்க முடியாது. பிரியத்தினால் ஒரு கட்சியில் இருப்பதாக எண்ணுகிறவர் பலர், உண்மையில் பற்றுக்கணக்கினால் கட்டுண்டு இருக்கின்றனர்.

வாங்கியது நம்முடையதா என்பதே இன்று ஐயம். யூபிசாப்ட் கம்பெனி 2014இல் விற்ற ‘தி க்ரூ’ என்னும் மோட்டார் ஓட்ட ஆட்டம், 2024 மார்ச்சு இறுதியில் அதன் சர்வர் நிறுத்தப்பட்டதும், தட்டு வைத்திருந்தோர்க்கும் பயனற்றுப் போயிற்று. இதனால் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, விற்ற ஆட்டங்களை அழிக்கக்கூடாதென்னும் ஐரோப்பியக் குடிமக்கள் விண்ணப்பம் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பத்தைத் தாண்டியது. விற்பது பொருளையா, வெறும் அனுமதியையா என்பதைக் கடையிலேயே வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா 2024இல் சட்டம் செய்தது. இவற்றுக்காகப் பாடுபட்டவர் எக்கட்சியார் என்று எவரும் கேட்கவில்லை.

சூதாட்டமும் வீட்டிற்குள் வந்துவிட்டது. பணங்கட்டித் திறந்தால் என்ன கிடைக்குமென்று தெரியாத ‘அதிர்ஷ்டப் பெட்டி’களை ஆட்டத்தினுள் விற்கின்றனர். 2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியின் ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தில் இதற்கெதிராகப் பெருங்கூச்சல் எழவே, வெளியீட்டுக்குச் சற்று முன் பணவிற்பனையை நிறுத்திவைத்தனர். 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கமிஷன் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமென்றே தீர்மானித்தது. நான்கு இலக்கச் சீட்டெழுதிக் குடும்பம் சீரழிந்ததைக் கண்ட நம்மவர்க்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிள்ளையின் கையில் இருப்பது விளையாட்டா, சூதுப்பெட்டியா என்று பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

உழைப்போர் நிலை யாது? பெயருக்காக நால்வர் வெளியேறித் தொடங்கிய அதே ஆக்டிவிஷனின் பெயர் தாங்கிய பெருங்கம்பெனியை, 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் சுமார் 6,870 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், அதன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போயிற்று. அடுத்த மாதமே சோனி சுமார் 900 பேரை நீக்கியது. போர்க்களத்தில் எதிரிகளான இருவரும் ஆட்குறைப்பில் ஒரே வழி நடந்தனர். 2011இல் வெளிவந்த ‘எல்.ஏ. நோயர்’ ஆட்டத்திற்கு உழைத்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் பெயர் பட்டியலில் விடப்பட்டிருந்தது. ராபினெட் காலத்து அநீதி முற்றும் ஒழியவில்லை.

இவ்வுழைப்பாளர் எங்கோ தொலைவில் உள்ளவருமல்லர். யூபிசாப்ட் 2008இல் சிங்கப்பூரில் தொழிற்கூடம் திறந்தது; 2024இல் வந்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ என்னும் கடற்கொள்ளை ஆட்டம் அங்கே ஆக்கப்பட்டது. நாளை நம் பிள்ளைகளும் இத்தொழிலுக்குச் செல்வர். ஆகவே, 2022இல் ஆக்டிவிஷனைச் சேர்ந்த ரேவன் கூடத்தின் சோதனையாளர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்து வென்றது நமக்கும் நற்செய்தியே.

முடிவுரை

இப்பொழுது மற்றொரு வேடிக்கையைக் காண்க. எக்ஸ்பாக்ஸின் அடையாளமாகவே விளங்கிய ‘ஹேலோ’ ஆட்டம் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று 2025இல் மைக்ரோசாப்ட் அறிவித்தது. முள்ளெலியின் கதை மீண்டும் நடக்கின்றது. கம்பெனிகள் லாபம் உள்ள இடம் நோக்கிப் போவதில் வெட்கப்படுவதில்லை. பணங்கொடுக்கும் நாம் மட்டும் ஏன் ஒரே இடத்திற் கைகட்டி நிற்கவேண்டும்?

நல்ல ஆட்டம் எவன் செய்தாலும் நல்ல ஆட்டமே. அதனை எழுதியவர் பெயரை அறிந்து பாராட்டுங்கள். ஆட்டம் வெளிவருமுன் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். இரவல் தரவும் மறுபடி விற்கவும் கூடிய தட்டு கிடைக்குமிடத்து அதனையே வாங்குங்கள். அதிர்ஷ்டப் பெட்டிக்கு ஒரு காசும் கொடாதீர்கள். நீங்கள் விரும்பும் கம்பெனி தவறு செய்தால், பகைவன் செய்ததைக் கண்டிப்பது போலவே அதனையும் கண்டியுங்கள். யந்திரம் மரத்தாலும் கல்லாலும் செய்த பழைய விக்கிரகமன்று, பிளாஸ்டிக்கினால் செய்ததே என்றாலும், அதன் முன் அறிவை அடகு வைப்பது அதே மூடபக்திதான்.

கடைக்காரர் இருவர் போட்டியிடுவது வாங்குபவனுக்கு நன்மை. வாங்குபவர் இருவர் கடைக்காரருக்காக அடித்துக்கொள்வது கடைக்காரனுக்கே நன்மை. இவ்வேற்றுமையை உணர்ந்தவன் எந்த யந்திரத்தை வாங்கினாலும் அதன் எஜமானனாயிருப்பான். உணராதவன் எதை வாங்கினாலும் அதன் அடிமையே.